கலைவழி ஆய்வு முறைகளுக்கு ஒரு வாசிப்பு வட்டம் நடத்துவது எப்படி

புகைப்படம், கவிதை, ஒட்டுப்படம் (கொலாஜ்), நாடகம் ஆகியவற்றை ஆய்வுக்குப் பயன்படுத்தும் முறைகளைப் படிக்க ஒரு வட்டம் கூட்டுவது எளிது. அதை மூன்றாம் சந்திப்புக்கு அப்பால் கொண்டுபோவதுதான் பாடு. கட்டுரையை மட்டும் படித்தால், ‘இதெல்லாம் ஆய்வாகுமா’ என்ற ஒரே வாதம் மாதாமாதம் திரும்பி வரும். கத்தரியும் பசையும் மட்டும் என்றால் அது கைவினை வகுப்பு. இரண்டையும் ஒரே சந்திப்பில் வைத்து, முடிவில் இந்த ஒரு கேள்வியைத் தவறாமல் கேளுங்கள்: சாதாரணப் பேட்டியில் கிடைக்காத எது இப்போது கிடைத்தது?

ஆறு முதல் எட்டுப் பேர் போதும். பத்தைத் தாண்டினால் எல்லாரும் செய்ததைப் பார்க்க நேரம் இருக்காது. பட்டப்படிப்பு ஆய்வாளர்களோடு ஆசிரியர், சமூக சேவையாளர், வரைபவர் அல்லது நடிப்பவர் என ஓரிருவராவது இருக்கட்டும். நான்கு வாரங்களுக்கு ஒரு முறை, இரண்டு மணி நேரம். சிங்கப்பூரில் செப்டம்பர் கடைசியிலிருந்து தீபாவளி வரை தேர்வும் பண்டிகையும் சேர்ந்துவரும். அந்த வாரங்களை முதலிலேயே விட்டுவிடுங்கள். நூலக அறையோ சமூக மன்ற அறையோ, பசை, வண்ணம் பயன்படுத்தலாமா என்று முன்பதிவின்போதே கேளுங்கள்.

நேரத்தை இப்படிப் பிரிக்கலாம்: கட்டுரைக்கு 35 நிமிடம், செய்முறைக்கு 40, செய்ததைப் பற்றிப் பேச 45. எப்போதும் அடிபடுவது கடைசிப் பகுதிதான். வட்டத்தின் பயனே அங்குதான் இருக்கிறது என்பதால், மணி பார்க்க ஒருவரை நியமித்துவிடுங்கள். வாசிப்பு 20, 25 பக்கத்தைத் தாண்ட வேண்டாம். கட்டுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும், பேச்சோ தமிழில். அதனால் அம்மாதப் பொறுப்பாளர் ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு எழுதி மூன்று நாள் முன்பே அனுப்ப வேண்டும்: ஆய்வாளர் எதைக் கேட்டார், யாரோடு சேர்ந்து செய்தார், என்ன சொல்கிறார், எங்கே இடிக்கிறது.

முதல் சந்திப்புக்குச் சமூகவியலாளர் டக்ளஸ் ஹார்ப்பர் 2002இல் எழுதிய, படத்தை வைத்துப் பேட்டி எடுப்பது பற்றிய கட்டுரை பொருத்தம். எல்லாரும் வீட்டிலிருந்து ஒரு பழைய படத்தை 4ஆர் (4×6 அங்குல) அளவில் அச்சிட்டு வரட்டும். கைப்பேசியில் காட்டினால் விரல் அடுத்த படத்துக்கு நழுவிவிடும், பேச்சும் கூடவே போய்விடும். இருவர் இருவராக உட்கார்ந்து, ‘வீடு மாறியது’ போன்ற ஒரு பொருளைப் பற்றிப் படமில்லாமல் எட்டு நிமிடம், படத்தோடு எட்டு நிமிடம் பேட்டி எடுங்கள். பாதி ஜோடிகள் படத்தோடு தொடங்க வேண்டும். இல்லையென்றால், இரண்டாம் முறை பேச்சு வளமானது படத்தாலா, கூச்சம் போனதாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இரண்டாவதாக, கேரலின் வாங், மேரி ஆன் பரிஸ் இருவரும் சீனாவின் யுன்னான் மாநிலக் கிராமப் பெண்களோடு செய்த வேலையிலிருந்து உருவான, மக்களே தங்கள் வாழ்க்கையைப் படமெடுத்துப் பேசும் போட்டோவாய்ஸ் முறை. அவர்களுடைய 1997ஆம் ஆண்டுக் கட்டுரையைப் படியுங்கள். முந்தைய வாரமே ஆளுக்கு ஐந்து படம் எடுத்து, ஒன்றைத் தேர்ந்துவர வேண்டும். அதை வைத்து ஐந்து கேள்விகள்:

இங்கே என்ன தெரிகிறது?
உண்மையில் என்ன நடக்கிறது?
நம் வாழ்க்கைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?
இந்த நிலை ஏன் இருக்கிறது?
நாம் என்ன செய்யலாம்?

‘படம் அழகா வந்திருக்கு’ என்பதிலேயே பேச்சு நின்றுவிடுவதுதான் வழக்கமான கோளாறு. அழகைப் பற்றிப் பேசத் தொடங்கினால் உடனே இரண்டாம் கேள்விக்குப் போய்விடுங்கள். ஐந்தாம் கேள்வி வெறுமையாக ஒலிக்கும், அதற்கும் காரணம் உண்டு: முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களிடம் படங்களைக் கொண்டுசெல்வது இம்முறையின் நோக்கங்களில் ஒன்று. அவர்கள் உங்கள் அறையில் இல்லை.

மூன்றாவது, பேட்டியைக் கவிதையாக்குவது. சமூகவியலாளர் லாரல் ரிச்சர்ட்சன் 1992இல் ஒரு பெண்ணின் நீண்ட பேட்டியை அப்படி எழுதிக்காட்டினார். விதி ஒன்றே: நீக்கலாம், வரி உடைக்கலாம், ஒரு சொல்லும் சேர்க்கக் கூடாது. சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையத்தில் தமிழ்ப் பேட்டிகள் உள்ளன. அனுமதி நிபந்தனையைப் பார்த்துவிட்டு ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளலாம். இப்படி ஒரு பேச்சு இருப்பதாக வைத்துக்கொள்வோம் (கம்பம் என்பது பழைய கிராமக் குடியிருப்பு, புளோக் என்பது அடுக்குமாடிக் கட்டடம்):

“கம்பத்துல இருந்து புளோக்குக்கு வந்தப்போ அம்மாதான் ரொம்பக் கஷ்டப்பட்டாங்க. வாசல் இல்ல பாருங்க, காரிடார்தான். அங்க கோலம் போட்டா பக்கத்து வீட்டுல என்ன சொல்வாங்களோன்னு…”

பெரும்பாலோர் முதல் சுற்றில் இப்படி வெட்டுவார்கள்:

வாசல் இல்ல பாருங்க
காரிடார்தான்
கோலம் போட்டா
என்ன சொல்வாங்களோன்னு

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அம்மா காணாமல் போய்விட்டார். அவருடைய தயக்கம் பேசியவரின் தயக்கமாக மாறிவிட்டது; ஆய்வாக எடுத்துக்கொண்டால் இது தவறான தரவு. மூலத்தையும் கவிதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, யார் விடுபட்டார், யாருடைய உணர்வு யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று வரி வரியாகப் பாருங்கள். இன்னொன்று: ‘காரிடார்’ என்பதைத் ‘தாழ்வாரம்’ ஆக்கும் கை, பேசியவரையே மாற்றிவிடுகிறது. எதுகை தேடுவதும் அப்படித்தான்.

நாடகம், ஒட்டுப்படம், நடந்தபடி பேசுவது எல்லாம் இதற்குப் பிறகு, உறுப்பினர்களின் விருப்பப்படி. ஒட்டுப்படத்துக்குப் பழைய தமிழ் முரசு நாளிதழ்த் தாள்கள் நல்ல பொருள். படங்களை மட்டும் வெட்டி ஒட்டிய பிறகே எழுத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தலைப்புச் செய்தியே வேலையைச் செய்துவிடும்.

ஒப்புதலை முதல் நாளே பேசி முடியுங்கள். புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருக்கும் முதியவரையோ தேக்காவில் (லிட்டில் இந்தியா பகுதி) ஓய்வெடுக்கும் வெளிநாட்டு ஊழியரையோ அடையாளம் தெரியும்படி படம் எடுப்பதென்றால், அவரிடம் கேட்டுவிட்டுத்தான். வட்டத்தில் செய்ததை ஆய்வேட்டில் சேர்க்க நினைக்கும் மாணவர் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும். பிறகு கேட்கலாம் என்று விட்டால் அந்தத் தரவைத் தொடவே முடியாமல் போகலாம்.

செய்தவை செய்தவருக்கே சொந்தம். வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு முன் அவரிடம் கேளுங்கள். ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு பக்கப் பதிவு போதும்: படித்தது, செய்தது, அந்த ஒரு கேள்விக்குக் கிடைத்த பதில். ‘எதுவும் கூடுதலாகக் கிடைக்கவில்லை’ என்பதும் பதில்தான், அதையும் எழுதிவையுங்கள்.