அடம்பிடிக்கும் பிள்ளையிடம் நாம் செய்யும் தவறுகள்

மழலையர் வகுப்பில் 12 வருடமாக ஆசிரியையாக இருக்கிறேன். பிள்ளையைக் கூட்டிப்போக வரும் இளம் பெற்றோர் வாசலிலேயே படும் பாட்டைப் பார்க்கும்போது, என் மூத்தவனிடம் நான் ஆடிய அதே கூத்து கண்முன் வந்து நிற்கிறது. அடிக்காதீர்கள், கத்தாதீர்கள் என்று நான் தொடங்கப்போவதில்லை. ஸ்வீடன் 1979-லேயே வீட்டில் அடிப்பதையும் சட்டத்தால் தடுத்துவிட்டது. அதை இன்னும் விவாதிக்க எனக்குப் பொறுமை இல்லை.

அழ விட்டு, பிறகு கொடுப்பது

என் மூத்தவனுக்கு அப்போது 3 வயது. போன் கேட்டான், கிடையாது என்றேன். அழுதான், தரையில் புரண்டான். 20 நிமிடம் தாக்குப்பிடித்தேன். அக்கம்பக்கம் என்ன நினைக்குமோ என்ற கூச்சத்தில், "இந்தா, அஞ்சே நிமிஷம்" என்று நீட்டினேன். கண்டிப்பாக இருந்ததாகத்தான் அன்று நினைத்தேன். அவன் கற்றுக்கொண்டதோ வேறு: 20 நிமிடம் அழுதால் கிடைக்கும். கேட்டவுடனே கொடுத்திருந்தால்கூட இந்தப் பாடம் நடந்திருக்காது.

ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களை வைத்துக் காட்டியது இதுதான். ஒரு பொத்தானைக் கொத்தும்போதெல்லாம் தீனி கிடைத்துப் பழகிய புறா, தீனி நின்றதும் சீக்கிரம் விட்டுவிடும். எப்போதாவது மட்டும் கிடைத்துப் பழகியது லேசில் விடாது. நேற்று கிடையாது, இன்று உண்டு, நாளை பார்க்கலாம் என்கிற வீட்டில் அழுகை நிற்காததற்கு இதுவே காரணம். அம்மா மறுத்ததை அப்பா கொடுக்கும் வீடும் அப்படித்தான்.

இதில் ஒரு கண்ணி உண்டு. கொடுப்பதை நிறுத்தினால் அழுகை உடனே குறையாமல், முதலில் ஏறவும் கூடும். பழைய சாவி திறக்கவில்லை என்றால் நாமும் இன்னும் பலமாகத்தானே திருகுவோம்? அந்த ஏற்றத்தைப் பார்த்து, "இது சரிப்படாது" என்று முடிவுகட்டி, உச்சத்தில் கொடுத்துவிடுகிறார்கள். போன மாதம் ஒரு தந்தையிடம் இதைப் படித்துப் படித்துச் சொன்னேன். இரண்டாம் நாள், "நேத்தைவிட மோசம் மிஸ்" என்றார். நாளையும் இதே பதில்தான் சார் என்றேன். மறுநாள் என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் போனார். போன் பையன் கையில். எனக்கு வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

ஆகவே மறுப்பதற்கு முன், கடைசிவரை நிற்க முடியுமா என்று இரண்டு நொடி யோசியுங்கள். முடியாதென்றால் முகம் சுளிக்காமல் முதலிலேயே கொடுத்துவிடுங்கள். மறுத்துவிட்டால் பக்கத்தில் உட்காருங்கள். "கோபமா இருக்க, தெரியுது. போன் கிடையாது." அவ்வளவுதான், பிரசங்கம் வேண்டாம். பசி, தூக்கம், காய்ச்சல் இவற்றால் வரும் அழுகை அடம் அல்ல. அங்கே இந்தக் கணக்கைப் போடாதீர்கள்.

"இனிமே உன்னை எங்கேயும் கூட்டிட்டுப் போகமாட்டேன்"

சாயங்காலமே கூட்டிப்போவீர்கள். அவனுக்கும் தெரியும்.

"அப்பா வரட்டும், இருக்கு உனக்கு"

வேண்டாம். அப்பா வருவதற்குள் குழந்தை மறந்திருக்கும்.

தனியே உட்காரவைத்துவிட்டு மறந்துபோவது

வயதுக்கு ஒரு நிமிடம் என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. 3 வயதென்றால் 3 நிமிடம். அரைமணி நேரம் உட்காரவைத்த ஒருவர், "கொஞ்சம்கூட வருத்தமே இல்ல மிஸ், பட்டனைத் திருகி விளையாடுறான்" என்று குறைபட்டார். எதற்காக உட்கார்ந்தோம் என்பதே அவனுக்கு நினைவிருந்திருக்காது.

"சமர்த்தா இரு"

எப்படி இருப்பதாம்? "ஓடாதே" என்று சொன்னாலும், எதைச் செய்யக்கூடாது என்று மட்டும்தான் தெரிகிறது. "என் கையைப் பிடிச்சு நடந்து வா" என்று சொல்லிப் பாருங்கள். வகுப்பில் 20 பிள்ளைகளை வரிசையில் கூட்டிப்போக என்னிடம் இருப்பது இந்த ஒரு வித்தைதான்.