அம்மா அப்பாவோட ஞாபக மாற்றத்தை போன் வச்சு கவனிக்கிறது எப்படி

மொதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன், போன்ல இருக்கிற எந்த ஆப்பும் தனியா நின்னு உங்க வீட்ல இருக்கவங்களுக்கு டிமென்ஷியா (மறதி நோய்) இருக்கு, இல்லைன்னு முடிவு சொல்லிடாது, அப்படி சொல்லும்னு விளம்பரம் பண்ற ஆப்பை இன்ஸ்டாலே பண்ணாதீங்க. போனால ஆகுற வேலை வேற. ஒருத்தர் ஆறு மாசம் முன்னாடி எப்படி இருந்தார், இப்ப எப்படி இருக்கார்னு ரெண்டையும் பக்கத்து பக்கத்துல வச்சுக் காட்டும். டாக்டர் ரூம்ல பத்து நிமிஷத்துல பிடிபடாத விஷயம் அதுல பிடிபட வாய்ப்பிருக்கு. எங்க அம்மாவுக்காக ரெண்டு வருஷமா இதைப் பண்ணிட்டு வரேன், நான் பண்ண தப்பையும் சேத்தே எழுதுறேன்.

ஏன் இவ்ளோ சீக்கிரமா பாக்கணும்னு கேட்டா, டிமென்ஷியாவுக்கு முக்கியக் காரணமான அல்சைமர் நோய்ல மூளைக்குள்ள அமிலாய்டுங்கிற புரதம் படிய ஆரம்பிச்சு வெளியில மறதியா தெரியறதுக்குள்ள 15, 20 வருஷம் கூட ஓடிடும். 2023ல லெகனமாப், 2024ல டொனனமாப்னு ரெண்டு மருந்துக்கு அமெரிக்காவுல முழு அனுமதி கிடைச்சுது, ரெண்டுமே ஆரம்ப நிலையில இருக்கவங்களுக்கு மட்டும்தான், அதுவும் குணப்படுத்தாது, போற வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், அவ்ளோதான். ஆனா கிளினிக்ல கேள்வி கேட்டு மார்க் போடுற ஞாபக டெஸ்ட் பழைய காலத்து டெஸ்ட். எம்எம்எஸ்இ 1975ல வந்தது, மோகா 2005ல வந்தது, ரெண்டும் 30 மார்க். நல்லா படிச்ச ஒருத்தர் உள்ளுக்குள்ள தேய ஆரம்பிச்ச பிறகும் 28 வாங்கிட்டு வந்துடுவார். முந்தின ராத்திரி சரியா தூங்காத, எந்தக் கோளாறும் இல்லாத மனுஷன் 24 வாங்கி வீட்டையே பயமுறுத்திடுவார்.

இந்த இடத்துலதான் ஆராய்ச்சி பண்றவங்க போனை கையில எடுத்தாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்சது 2016ல வந்த சீ ஹீரோ குவெஸ்ட்ங்கிற கேம், படகை ஓட்டி வழி கண்டுபிடிக்கணும், 40 லட்சம் பேருக்கு மேல விளையாடினாங்க. வழி கண்டுபிடிக்கிறதை ஏன் எடுத்தாங்கன்னா, அல்சைமர் மொதல்ல கை வைக்கிற இடங்கள்ல ஒண்ணு மூளையில என்டோரைனல் கார்டெக்ஸ், நாம எங்க நிக்கிறோம்னு கணக்கு வச்சுக்கிற செல்கள் இருக்கிறதும் அதே இடத்துலதான் (அந்த செல்களைக் கண்டுபிடிச்சதுக்கும் சேத்துதான் 2014 மருத்துவ நோபல்). 2019ல வந்த முடிவு என்னன்னா, அல்சைமர் ஆபத்தைக் கூட்டுற ஏபிஓஇ4 ஜீன் இருக்கிறவங்க, வழக்கமான ஞாபக டெஸ்ட்ல எந்தக் குறையும் இல்லாதவங்க, கேம்ல மட்டும் நேர் வழியில போகாம சுத்திப் போனாங்க. 30 மார்க் பேப்பர் இதைக் காட்டாது.

இன்னொரு வகையில டெஸ்டே கிடையாது, நாம போனை சும்மா பயன்படுத்துறதையே அளக்கிறாங்க. அதே 2019ல ஆப்பிளும் எலி லில்லியும் சேந்து 113 பேரை 12 வாரம் பாத்தாங்க, அறிகுறி இருந்தவங்க டைப் பண்றது மெதுவா இருந்துச்சு, மெசேஜ் போக்குவரத்து கம்மியா இருந்துச்சு. சின்ன ஆய்வுதான், அதை வச்சு யாருக்கும் நோய்ப் பேர் சொல்ல முடியாது, ஆனா எதைக் கவனிக்கணும்னு திசை காட்டுது.

சரி, வீட்ல எப்படி செய்யறது?

முதல் வேலை அவங்ககிட்ட சொல்றது. தெரியாம அவங்க போன்ல எதையும் போடாதீங்க, லொகேஷனைக் கூட ஆன் பண்ணி வைக்காதீங்க. நான் அம்மாகிட்ட சொன்னப்ப "எனக்கு பைத்தியம்னு நினைக்கிறியா"ன்னுதான் கேட்டாங்க. "பிபி பாக்குறோம்ல, அது மாதிரிம்மா, நானும் கூட சேந்து பண்றேன், ஸ்கோரை உன்கிட்டதான் மொதல்ல காட்டுவேன்"னு சொன்னேன், ரெண்டு நாள் யோசிச்சுட்டு சரின்னாங்க. அவங்க வேணாம்னு சொன்னா விட்டுடுங்க, கட்டாயத்துல எடுக்கிற டெஸ்ட்ல கோபமும் பயமும்தான் பதிவாகும்.

ஆப் எடுக்கும்போது மொழியைப் பாருங்க. அவங்க யோசிக்கிற மொழியில வார்த்தை இல்லைன்னா அது ஞாபகத்தை அளக்காது, இங்கிலீஷைத்தான் அளக்கும். மொழி வேணாத டெஸ்ட், அதாவது படத்தை ஞாபகம் வச்சுக்கிறது, கட்டம் வந்ததும் தொடுறது, நம்பரை வரிசையா தொடுறது இதெல்லாம் பரவாயில்ல, ஆனா ஸ்மார்ட்போனே பழக்கமில்லாதவங்களுக்கு அதுவும் வித்தை காட்டுற மாதிரிதான் இருக்கும், அவங்களுக்கு ஒரு மாசம் சும்மா போன் பழக்கம் குடுத்துட்டு ஆரம்பிங்க. யார் இந்த ஆப்பைப் பண்ணாங்க, எந்த ஆய்வுல பயன்படுத்தினாங்கன்னு எழுதியிருக்கான்னும் பாருங்க.

இப்ப நான் பண்ண தப்பு. கட்டம் பச்சையானதும் தொடணும்னு ஒரு டெஸ்ட், அம்மா ரொம்ப லேட்டுன்னு ஆப் காட்டிட்டே இருந்துச்சு, மூணு வாரம் நான் சரியா தூங்கல. ஒரு நாள் பக்கத்துல உக்காந்து விரலை மட்டும் பாத்தேன். கட்டம் மாறின உடனே அம்மா விரல் போயிடுது, ஆனா வயசான கை, தோல் காஞ்சு போயிருக்கு, மேல தடிமனான ஸ்கிரீன் கார்டு வேற ஒரு ஓரம் தூக்கிட்டு நிக்குது, மொதல் தொடுதலை போன் எடுத்துக்கவே இல்ல, ரெண்டாவது தடவை அழுத்தினதைத்தான் கணக்குல எடுத்துக்குது. கார்டை உரிச்சு, கையில கொஞ்சம் மாய்ஸ்சரைசர் தடவி, நல்லா துடைச்சுட்டு தொடச் சொன்னேன், அந்த லேட் அப்படியே காணாமப் போச்சு. மூளையில கோளாறுன்னு நான் பயந்தது கண்ணாடி மேல ஒட்டின பிளாஸ்டிக்.

அதனால ஆரம்பிக்கும் முன்னாடி இதெல்லாம் சரி பண்ணிடுங்க: கண்ணாடி போடுறவங்க போட்டுக்கணும், காது மெஷின் இருந்தா அதுவும், எழுத்து சைஸ் பெருசு, பிரைட்னஸ் எப்பவும் ஒரே அளவு, டூ நாட் டிஸ்டர்ப் ஆன், சார்ஜ் நல்லா இருக்கணும் (பவர் சேவிங்ல போன் மந்தமாகும்). எப்பவும் ஒரே போன், ஏன்னா ஒவ்வொரு மாடலும் தொடுதலை வாங்கிக்கிற வேகம் வேற, அந்த வித்தியாசமே டெஸ்ட் அளக்கிற மில்லிசெகண்டு கணக்கைக் குழப்பிடும். உங்க போன்ல ஒரு நாள், அவங்க போன்ல ஒரு நாள்னு பண்ணா அந்த ரெண்டு நம்பரையும் ஒப்பிடவே முடியாது.

எத்தனை தடவை? ஒரே நாள்ல அரை மணி நேரம் உக்கார வைக்காதீங்க. வாஷிங்டன் யுனிவர்சிட்டி, செயின்ட் லூயிஸ்ல ஆர்க்னு ஒரு ஆப் வச்சிருக்காங்க, அதுல சில நிமிஷ டெஸ்ட், ஒரு நாளைக்கு நாலு தடவை, ஒரு வாரம், அப்புறம் எல்லாத்தையும் சேத்து சராசரி எடுக்கிறாங்க. ஒரு தடவை தூக்கக் கலக்கம், ஒரு தடவை வாசல் மணி அடிச்சுது, அதெல்லாம் சராசரியில கரைஞ்சுடும். வீட்ல நாலு தடவை கஷ்டம்னா காலையில ஒண்ணு சாயந்தரம் ஒண்ணு, ஒரு வாரம் பண்ணுங்க, அப்புறம் ரெண்டு மூணு மாசம் விட்டுட்டு மறுபடி ஒரு வாரம். தினமும் வருஷம் பூரா பண்ணா சலிச்சுப் போயிடும், அந்த சலிப்பும் ஸ்கோரைத் தின்னும்.

முதல் வாரத்து ஸ்கோரை அடிப்படையா எடுத்துக்காதீங்க. பழகப் பழக எல்லாருக்குமே ஸ்கோர் ஏறும், அது மூளை தேறினதா அர்த்தம் இல்ல, டெஸ்ட் பழகிப்போச்சு, அவ்ளோதான். ரெண்டாவது சுற்று வாரத்துலேந்து கணக்கு வைங்க. எல்லாருக்கும் ஏறுற அந்த ஏற்றம் ஒருத்தருக்கு ஏறவே இல்லைன்னா அதுவே கவனிக்க வேண்டிய விஷயம், ஆய்வு பண்றவங்களும் இதைத் தனியா பாக்குறாங்க. அப்புறம் பக்கத்துல உக்காந்து "அந்தப் படம்மா, மேல இருந்துச்சே"ன்னு எடுத்துக் குடுக்காதீங்க, பாசத்துல வார்த்தை தானா வந்துடும், எழுந்து அடுத்த ரூமுக்குப் போயிடுங்க.

கூடவே ஒரு நோட்டுல ஒரு வரி எழுதி வைங்க, நேத்து தூக்கம் எப்படி, காய்ச்சல் உண்டா, புது மாத்திரை எதாவது ஆரம்பிச்சாங்களா, வீட்ல துக்கம் எதாவதா. இந்த ஒரு வரி இல்லாம கிராஃப் இறங்குறதைப் பாத்தா நமக்கு ஒண்ணும் புரியாது.

டெஸ்டைத் தாண்டி போன்லயே தடயம் கிடக்கும், அவங்க காட்டினா மட்டும் பாருங்க. அம்மா ஒரு நாள் "அலாரம் அடிச்சிட்டே இருக்கு, நிறுத்திக் குடு"ன்னு போனைக் குடுத்தாங்க. உள்ள போய்ப் பாத்தா காலையில 8:00, 8:02, 8:05, 8:10, எல்லாத்துக்கும் ஒரே பேர், "பிபி மாத்திரை". முன்னாடி வச்சது ஞாபகம் இல்லாம திரும்பத் திரும்ப வச்சிருக்காங்க. எந்த ஸ்கோரும் என்னை அப்படி உலுக்கல. இதே மாதிரி ஒரே ஆளுக்கு பத்து நிமிஷத்துல மூணு போன் பண்ணி ஒரே விஷயம் கேக்குறது, வருஷக்கணக்கா போட்ட பேட்டர்ன் லாக்ல திடீர்னு மாட்டிக்கிறது, ஒரே பில்லை ரெண்டு தடவை கட்டுறது, தெரிஞ்ச இடத்துக்கே மேப் போட்டுட்டுப் போறது, வாய்ஸ் மெசேஜ்ல பொருளோட பேர் வராம "அது, இது, அந்த சாமான்"னு இழுக்கிறது. ஒண்ணு ரெண்டு தடவை எல்லாருக்கும் நடக்கும், முன்னாடி இல்லாத பழக்கம் இப்ப வாராவாரம் வருதான்னுதான் பாக்கணும். தேதி போட்டு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க.

ஸ்கோர் சிவப்பா, அதாவது சந்தேகம்னு வந்துட்டா உடனே உடைஞ்சு போயிடாதீங்க, ஒரு சின்னக் கணக்கு சொல்றேன். 1000 பேர் இருக்காங்க, அதுல 50 பேருக்கு நிஜமாவே பிரச்சனைன்னு வைங்க. ஆப் ரெண்டு பக்கமும் 80 சதவீதம் சரியா சொல்லும்னே வைங்க, கேக்க நல்லாத்தான் இருக்கு. 50ல 40 பேரைப் பிடிக்கும். பிரச்சனை இல்லாத மீதி 950 பேர்ல 190 பேரையும் தப்பா பிடிக்கும். சிவப்பு வந்த 230 பேர்ல நிஜம் 40 பேருக்குத்தான். அதனாலதான் ஒரு தடவை வந்த நம்பரை நம்பாம, அதே ஆளோட பழைய நம்பரை வச்சுப் பாக்கச் சொல்றேன். ரெண்டு மூணு சுற்று தொடர்ந்து இறங்கினா, கூடவே அன்றாட வேலையிலயும் மாற்றம் தெரிஞ்சா, அப்ப டாக்டர்.

ஆனா ஒரு விஷயத்துல காத்திருக்கவே கூடாது. ரெண்டு மூணு நாள்ல திடீர்னு குழம்பிப் போய் ஆளே மாறிட்டாங்கன்னா அது மெதுவா வர்ற மறதி இல்ல, யூரின் இன்ஃபெக்ஷனா இருக்கலாம், மருந்து ஒத்துக்காம இருக்கலாம், ஸ்ட்ரோக்கா கூட இருக்கலாம், அன்னிக்கே ஆஸ்பத்திரி போங்க, ஆப்பைத் திறந்துட்டு உக்காராதீங்க.

ஆராய்ச்சியில சேரணும்னு நினைச்சா, சேருங்க, ஆரோக்கியமா இருக்கவங்களும் அங்க தேவைப்படுறாங்க. கன்சென்ட் ஃபார்மை முழுசா படிங்க, எத்திக்ஸ் கமிட்டி அனுமதி இருக்கான்னு கேளுங்க. கீபோர்டுல நாம டைப் பண்ற வேகத்தை மட்டும் எடுக்கிறாங்களா, எழுதுறதையே எடுக்கிறாங்களா, லொகேஷன் போகுதா, பாதியில விலகினா ஏற்கனவே குடுத்த டேட்டாவை அழிப்பாங்களா, நம்ம ரிசல்ட்டை நமக்கு சொல்வாங்களா, இந்தக் கேள்விக்கெல்லாம் நேரா பதில் வரலைன்னா வேணாம். நிறைய ஆய்வுல தனி ஆள் ரிசல்ட் சொல்லவே மாட்டாங்க, அதைத் தெரிஞ்சுட்டே சேருங்க.

மூளைக்குப் பயிற்சி, கேம் விளையாடினா மறதி வராதுன்னு சொல்ற ஆப் வேற வகை, அதை இதோட கலக்காதீங்க. லுமாசிட்டிங்கிற ஆப் அப்படி விளம்பரம் பண்ணி 2016ல அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்டுச்சு.

டாக்டர்கிட்ட போறப்ப ஒரு பக்கத்துல எழுதிட்டுப் போங்க: எப்போலேந்து மாற்றம், மூணு உதாரணம் தேதியோட, சராசரி ஸ்கோர், மாத்திரை லிஸ்ட், தூக்கம், காது, மனநிலை. வைட்டமின் பி12, தைராய்டு பாக்கச் சொல்லிக் கேளுங்க, மனச்சோர்வும் தூக்க மாத்திரையும் கூட மறதி மாதிரியே வேஷம் போடும். எங்க டாக்டர் என் கிராஃபை ஒரு நிமிஷம் பாத்தார், அலாரம் ஸ்கிரீன்ஷாட்டை ரொம்ப நேரம் பாத்தார், அப்புறம் என்கிட்ட பேசாம அம்மா பக்கம் திரும்பி "நீங்க சொல்லுங்கம்மா"ன்னார். பி12 ரொம்பக் கம்மின்னு வந்துச்சு, ஊசி போட்டாங்க, ஸ்கோர் பாதி திரும்பிச்சு, பாதி திரும்பல. அடுத்த சுற்று வர்ற மாசம், அம்மாவே காலண்டர்ல குறிச்சு வச்சிருக்காங்க.