லீவ் ஏறவில்லையா? உடனே பேலன்ஸில் கை வைக்காதீர்கள்

‘போதிய விடுப்பு இருப்பு இல்லை’ என்று ஊழியர் லீவ் போடும் ஆப் சிவப்பில் காட்டியதும், பல எச்.ஆர். அலுவலர்கள் செய்கிற முதல் வேலை அட்மின் லாகினில் போய் ஒரு நாளைக் கூட்டிப் போடுவது. லீவ் ஏறிவிடும், ஊழியரும் ஊருக்குக் கிளம்பிவிடுவார். கூட்டிய அந்த ஒரு நாள் மட்டும் டிசம்பரில் என்கேஷ்மென்ட் (எடுக்காத லீவுக்குப் பணம் கொடுக்கும்) கணக்கில் வந்து நிற்கும். பிழைச் செய்தி எந்த இடத்தில் தடுத்தது என்று சொல்லுமே தவிர, ஏன் தடுத்தது என்று சொல்லாது. காரணம் பெரும்பாலும் தேதி, காலண்டர், ஷிப்ட், ரிப்போர்ட்டிங் மேனேஜர் இந்த நான்கில் ஒன்றில் இருக்கும்.

முதலில் தேதி. ஜனவரி முதல் டிசம்பர் வரை 15 நாள் ஈட்டிய விடுப்பு, மாதம் 1.25 வீதம் வரவு என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் ஏப்ரல் 6 முதல் 9 வரை 4 நாள் கேட்கிறார். வரவு மாதக் கடைசியில் ஏறும்படி செட்டிங் இருந்தால் அன்றைய இருப்பு 3.75, கால் நாள் உதைக்கிறது. 1ஆம் தேதியே ஏறும்படி இருந்தால் 5, தாராளமாகப் போகும். ஊழியர் தன் போனில் பார்ப்பதோ ஆண்டு முழுவதற்குமான 15. அதனால்தான் “இருக்கே சார், ஏன் எடுக்கல?” என்று வந்து நிற்கிறார். லீவ் வரவும் கழிவும் பதிவாகும் லீவ் லெட்ஜரைத் திறந்து, லீவ் தொடங்கும் நாளில் என்ன இருப்பு என்று வரி வரியாகப் பாருங்கள். ஒப்புதலுக்குக் காத்திருக்கும் பழைய விண்ணப்பமும் இருப்பைப் பிடித்து வைத்திருக்கும். பிப்ரவரியில் போட்டு மறந்துபோன ஒரு நாள் அங்கே கிடந்தால் 3.75 என்பது 2.75 ஆகிவிடும்.

அப்படிக் கிடப்பதற்கு வழக்கமான காரணம், மேனேஜர் வேலையை விட்டுப் போயிருப்பார். அவருடைய ஐடி முடக்கப்பட்டிருக்கும். விண்ணப்பம் அதற்குள் போய் உட்கார்ந்திருக்கும். ஊழியர் மறுபடி போட்டுப் பார்ப்பார், ‘இந்தத் தேதிக்கு ஏற்கெனவே விண்ணப்பம் உள்ளது’ என்று வரும். இதைக் கேன்சல் செய்யச் சொல்வதை விட, விண்ணப்பத்தைப் புது மேனேஜருக்கு மாற்றிவிடுவது நல்லது. கேன்சல் செய்தால் முதலில் விண்ணப்பித்த தேதி அழிந்துபோகும். முன்கூட்டியே சொல்லவில்லை என்று விதி வேறு இடிக்கும்.

அடுத்தது காலண்டர். மதுரைக் கிளைகள் அதிகம் மாட்டிக்கொள்வது இதில்தான். 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் விடுமுறைச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு பண்டிகைகளுக்காக இன்னும் 5 நாள் விடவேண்டும். அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கு மாவட்ட நிர்வாகம் உள்ளூர் விடுமுறை விடும். ஆனால் அது அரசு அலுவலகங்களுக்கும் பள்ளி, கல்லூரிகளுக்கும்தான். தனியார் நிறுவனம் தானே முடிவு செய்து மென்பொருளில் ஏற்றினால்தான் விடுமுறை. அந்த நாள் சித்ரா பௌர்ணமியை ஒட்டி வருவதால் ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2025இல் மே 12, திங்கள். போன வருடக் காலண்டரை அப்படியே நகல் எடுத்தவர்களுக்கு அடுத்த வருடமும் மே 12 விடுமுறையாகவே நிற்கும்.

இன்னொன்று, அதைக் கம்பெனிப் பொதுக் காலண்டரில் போட்டால் கோயம்புத்தூர்க் கிளைக்கும் அழகர் விடுமுறை கிடைத்துவிடும். மதுரை என்ற லொகேஷனுக்கு மட்டும் போட்டு, ஊழியரின் விவரத்தில் லொகேஷன் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். திருமங்கலத்தில் வீடு, விருதுநகரில் வேலை என்றால் பார்க்கவேண்டியது விருதுநகர்க் காலண்டரை. ஏற்கெனவே ஒப்புதலான லீவுக்கு நடுவில் பிறகு ஒரு விடுமுறையைச் சேர்த்தால், பல மென்பொருள்கள் தானாகத் திருப்பிக் கணக்கிடாது; அந்த ஒரு நாள் ஊழியரின் கணக்கில் வீணாகக் கழிந்திருக்கும். ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை வைத்தீர்கள் என்றால் அதையும் வேலைநாளாக மாற்றவேண்டும். மாற்றாமல் விட்டால் அன்று லீவ் கேட்பவருக்கு ‘தேர்ந்தெடுத்த நாட்களில் வேலைநாள் இல்லை’ என்று வரும், 0 நாள் என்று காட்டும். இதைப் பார்த்துவிட்டு ஆப்பை அழித்து மறுபடி இன்ஸ்டால் செய்யச் சொல்கிறவர்கள் உண்டு. ஒரு பயனும் இல்லை.

பொங்கலில் சாண்ட்விச் விதி, அதாவது இரண்டு லீவுக்கு நடுவில் சிக்கும் விடுமுறை நாட்களையும் லீவாகவே எண்ணும் விதி. 2026இல் பொங்கல் ஜனவரி 15, வியாழன், மாட்டுப் பொங்கல் வெள்ளி, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு சனி, பிறகு ஞாயிறு. போகியன்று 14ஆம் தேதியும், 19 திங்களும் லீவ் போட்டால், விதி முழுதாகப் போட்டிருக்கும் இடத்தில் 2 நாள் அல்ல, 6 நாள் கழியும். தனித்தனியாகப் போட்டால் முதல் விண்ணப்பம் ஒழுங்காகப் போய்விடும். பிழை இரண்டாவதில்தான் வரும். அதனால் எல்லோரும் 19ஆம் தேதியில் என்ன கோளாறு என்று தேடுவார்கள். நடுவில் வரும் வார விடுமுறையை மட்டும் எண்ணுவதா, பண்டிகை விடுமுறையையும் எண்ணுவதா என்பதைப் பாலிசியில் தெளிவாக எழுதி, செட்டிங்கிலும் அதையே வையுங்கள். மார்கழியிலேயே நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டால் சண்டை குறையும்.

நைட் ஷிப்டில் இரவு 10 முதல் காலை 6 வரை வேலை. திங்கள் இரவு வேலைக்கு வந்தவர் செவ்வாய் காலை 6 மணிக்கு வைக்கும் பஞ்ச் (வருகைப் பதிவு), செவ்வாய்க்கிழமைக் கணக்கில் விழுந்தால், செவ்வாய் இரவுக்கு லீவ் போடும்போது ‘வருகை பதிவாகியுள்ளது’ என்று தடுக்கும். ஷிப்ட் தொடங்கும் நாளோடு பஞ்சைச் சேர்க்கும்படி மாற்றவேண்டும். பஞ்சை அழித்தால் திங்களும் ஆப்சென்ட் ஆகும்.

முதல் இரண்டு குழந்தைகளுக்கு மகப்பேறு விடுப்பு 26 வாரம், அதாவது 182 நாள். இது ஞாயிறும் விடுமுறையும் சேர்ந்த கணக்கு. 182 என்று ஏற்றிவிட்டு வேலைநாட்களை மட்டும் எண்ணும்படி விட்டால், வாரம் 5 நாள் வேலையுள்ள இடத்தில் 36 வாரம் தாண்டிப் போகும். வாரம் 5 வீதம் 130 என்று ஏற்றிவிட்டு எல்லா நாளையும் எண்ண விட்டால் 19 வாரம்கூட வராது. பிரசவத் தேதிக்கு முன்னால் 8 வாரத்துக்கு மேல் எடுக்க முடியாது என்பதால், தொடக்கத் தேதி அதைத் தாண்டினாலும் பிழை வரும்.

சம்பளக் கணக்கை முடித்துப் பூட்டிய மாதத்துக்கு ஊழியர் லீவ் போட்டு வந்தால், அந்த மாதத்தை மறுபடி திறக்காதீர்கள். பிடித்த தொகையை அடுத்த மாத நிலுவையில் திருப்பிக் கொடுத்தால் போதும்.

எதை மாற்றினாலும் சரிபார்க்க அட்மின் லாகின் உதவாது. பல மென்பொருள்களில் அட்மினுக்குப் பாதி விதிகள் பொருந்துவதில்லை. அதே லொகேஷன், அதே ஷிப்டில் ஒரு சோதனை ஊழியரை உருவாக்கி, அவர் லாகினில் அதே தேதிகளைப் போட்டுப் பாருங்கள்.