சமூகப்பணி படிக்கப் போகிறவர்கள் விடும் பிழைகள்: யாழ்ப்பாணத்திலிருந்து சில குறிப்புகள்

ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முடிவு வந்து, பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் ஸ்கோர் புள்ளி காணாது என்று தெரிந்ததும் வீட்டில் யாரோ ஒருவர் சொல்லுவார்: "சோசல் வேர்க் டிப்ளோமா ஒண்டைச் செய்துவிடு பிள்ளை, டி.எஸ். ஒபிசிலை வேலை எடுக்கலாம்." இந்த ஒரு வசனத்துக்குள்ளேயே இரண்டு பிழை. டிப்ளோமா முடித்தவருக்குப் பிரதேச செயலகத்தில் கதிரை போட்டு வைத்திருக்க மாட்டார்கள். அதைவிட, இது சும்மா செய்து முடிக்கிற படிப்பே இல்லை. ஆளை உருவாக்குவது களப்பயிற்சி. வகுப்பு அதற்குத் துணைதான். பிள்ளைகள் விடும் பிழைகளில் பெரும்பாலானவை களப்பயிற்சியை ஒப்புக்குச் செய்வதில்தான் தொடங்குகின்றன.

முதலில் எங்கே படிப்பது என்பது. இலங்கையில் சமூகப்பணிக்கென்றே உள்ள அரச நிறுவனம் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம். 1952 இல் தொடங்கிய சமூகப்பணிப் பயிற்சி நிறுவனம் வளர்ந்து, 1992 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது அது. இரண்டு வருட டிப்ளோமா, நான்கு வருடப் பட்டம், முதுமாணி எல்லாம் அங்கே உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவர்கள் பலர் இதே வேலைகளுக்கு வருகிறார்கள், நன்றாகவும் செய்கிறார்கள். ஆனால் சமூகவியல் பட்டமும் சமூகப்பணிப் பட்டமும் ஒன்றல்ல. ஒரு குடும்பத்தோடு இருந்து வேலை செய்ய, மேற்பார்வையாளரின் கீழ் மாதக்கணக்காகப் பழக்குவது சமூகப்பணிப் படிப்பு. பின்னாளில் வெளிநாட்டில் சான்றிதழைக் காட்டும்போதுதான் இந்த வித்தியாசம் பலருக்கு உறைக்கிறது.

தனியார் நிறுவனம் என்றால் காசு கட்ட முன்னம் இரண்டு கேள்வி கேளுங்கள். பட்டம் என்றால், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொண்டதா? டிப்ளோமா என்றால், மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்ததா, என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) மட்டம் என்ன? "லண்டன் அங்கீகாரம்" என்று மதிலில் ஒட்டியிருப்பது இந்த இரண்டுக்கும் பதில் ஆகாது.

அடுத்தது, அரச வேலை எல்லாம் ஒரே கதவு என்று நினைப்பது. சமூக சேவை உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர், உளவளத்துணை உத்தியோகத்தர், நன்னடத்தை உத்தியோகத்தர் என்று பதவிகள் பல. ஒவ்வொன்றுக்கும் திணைக்களம் வேறு, தகைமை வேறு, போட்டிப் பரீட்சை வேறு. நன்னடத்தை உத்தியோகத்தர் மாகாண சபையின் கீழ் வருகிறவர். சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் பிரதேச செயலகத்தில் இருந்தாலும் மத்திய திணைக்களத்தின் ஆள். அரச அறிவித்தல்கள் வரும் வெள்ளிக்கிழமை வர்த்தமானியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் மாகாண அறிவித்தல் தவறிப்போகும். யாழ் மாவட்டத்தில் இருப்பது 15 பிரதேச செயலகப் பிரிவுகள். ஒவ்வொன்றிலும் இந்தப் பதவிகளை விரல் விட்டு எண்ணலாம். அதோடு கோப்பாயில் இருக்கிறவருக்கு நெடுந்தீவிலோ மருதங்கேணியிலோ நியமனம் கிடைக்கலாம். படகு ஏற மாட்டேன் என்கிறவர் முன்கூட்டியே யோசிப்பது நல்லது.

சரி, களத்துக்கு வருவோம்.

வீட்டுத் தரிசிப்பில் நடக்கும் முதல் பிழை வீட்டுக்குள் போகும் முன்பே நடந்துவிடும். மோட்டார் சைக்கிளைப் படலையடியில் நிறுத்தும்போதே பக்கத்து வேலிக்கு மேலால் ஒரு தலை தெரியும். "ஆற்றை வீட்டுக்குப் பிள்ளை? அந்தப் பெடியன்ரை அலுவலாவோ?" மரியாதைக்காக "ஓம் அம்மா" என்று தலையாட்டினால் போதும், பின்னேரத்துக்குள் ஒழுங்கை முழுக்கத் தெரிந்துவிடும், அந்தப் பெடியன் அதற்குப் பிறகு உங்களோடு கதைக்க மாட்டான். "சும்மா அம்மாவைக் கண்டிட்டுப் போக வந்தனான்" என்று சிரித்துவிட்டு உள்ளே போகப் பழக வேண்டும். லோகோ அடித்த ரீசேட்டோடு போவதும் இதே பிழைதான். சிறுவர் பாதுகாப்பு என்று முதுகில் எழுதிய சட்டையோடு ஒரு வீட்டுக்குள் நுழைவது, அந்த வீட்டுக் கதையை ஒலிபெருக்கியில் சொல்வதற்குச் சமன்.

இன்னொன்று, நம் ஊர்ப் பழக்கம்: "நீங்கள் எந்த இடம், ஆற்றை பிள்ளை?" என்று அவர்கள் கேட்பார்கள். பதில் சொல்லலாம். ஆனால் சுற்றி வளைத்துச் சொந்தம் கண்டுபிடித்தால் அதை மேற்பார்வையாளரிடம் சொல்லிவிடுங்கள். சின்ன ஊர் இது. மச்சாளின் மாமியாரின் கேசை நீங்கள் எடுப்பது இருவருக்கும் நல்லதல்ல.

அதைவிடப் பெரிய பிழை குறிப்பு எழுதுவதில். மாணவர் ஒருவர் எழுதக்கூடிய குறிப்பு இப்படி இருக்கும்: "தாய் பொறுப்பற்றவர். பிள்ளையில் அக்கறை இல்லை. வீடு அசுத்தமாகக் காணப்பட்டது." மூன்று வசனத்திலும் தீர்ப்புத்தான் இருக்கிறது, கண்டது ஒன்றும் இல்லை. அதே வீட்டை இப்படியும் எழுதலாம்: "காலை 10.20. தாய் வீட்டில் இல்லை. மீன் வாடிக்கு வேலைக்குப் போயிருப்பதாக அம்மம்மா சொன்னார். 9 வயதுப் பிள்ளை வீட்டில் நின்றது. மூன்று நாளாகப் பள்ளிக்கூடம் போகவில்லை என்று பிள்ளையே சொன்னது. குசினியில் சோறும் சொதியும் மூடி வைத்திருந்தது. சீருடை ஒன்றுதான் உண்டு என்றார் அம்மம்மா. அது தோய்த்துக் கொடியில் கிடந்தது. சப்பாத்து இல்லை." இப்போது பாருங்கள், அக்கறையில்லாத தாய் காணாமல் போய்விட்டார், சமைத்து வைத்துவிட்டு விடியவே வேலைக்குப் போகிற ஒரு பெண் தெரிகிறார். செய்ய வேண்டியதும் மாறிவிட்டது: சப்பாத்தும் இன்னொரு சீருடையும், அதிபரோடு ஒரு கதை. 5 முதல் 16 வயதுவரை கல்வி கட்டாயம் என்பதால் பள்ளிக்கூடத்துக்கும் இதில் பொறுப்பு உண்டு. முதல் குறிப்பு கோப்பில் ஏறி, நீதிமன்றம் வரை போனால், அந்தப் பிள்ளை சிறுவர் இல்லத்துக்கே போகவும் கூடும். மூன்று வசனம்தான், ஆனால் அவ்வளவு பாரம்.

இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம், நம் பிள்ளைகள் கட்டுரைத் தமிழில் வளர்ந்தவர்கள். "வறுமையின் கோரப்பிடியில்" என்று எழுதினால் ஏ.எல். தமிழுக்குப் புள்ளி கிடைத்திருக்கும். கேஸ் கோப்பில் அது குப்பை.

வாக்குக் கொடுப்பதும் ஆபத்து. "ஒருத்தரிட்டையும் சொல்ல மாட்டன், சொல்லு" என்று சிறுபிள்ளைக்குச் சொல்லிவிட்டு, அது துஷ்பிரயோகத்தைச் சொன்னதும் திகைத்து நிற்கிறவர்கள் உண்டு. அதை மறைத்து வைக்க முடியாது. மேற்பார்வையாளருக்கும், தேவைப்பட்டால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கும் போயே ஆகவேண்டும். "உன்னைப் பாதுகாக்க வேண்டி வந்தால் சிலருக்குச் சொல்லுவன்" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் பிறகு துரோகம் ஆகாது.

அடி வாங்கிய பெண்ணுக்கு "பிள்ளையளுக்காகப் பொறுத்துப் போங்கோ" என்று புத்தி சொல்வது இன்னொன்று. அதைச் சொல்ல ஊரில் நூறு பேர் இருக்கிறார்கள். படித்த உத்தியோகத்தர் தேவையில்லை. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம் என்பதை அவருக்கு விளங்கப்படுத்துங்கள். அவர் அந்த வழியை எடுக்காமலும் விடலாம். முடிவு அவருடையது. ஆனால் வழி இருப்பதே தெரியாமல் ஒருவரைத் திருப்பி அனுப்பக்கூடாது. சட்டம் சட்டத்தரணிக்குத்தான் என்று அந்தப் பாடத்தில் தூங்குகிறவர்கள் இங்கேதான் மாட்டுப்படுகிறார்கள்.

சட்டைப் பையிலிருந்து காசு கொடுப்பது வேண்டாம். அடுத்த முறை நீங்கள் போகும்போது அவர்கள் எதிர்பார்ப்பது உங்களை அல்ல.

தொண்டு நிறுவன வேலைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுனாமிக்குப் பிறகும் 2009 இல் போர் முடிந்த பிறகும் இங்கே தொண்டு நிறுவனங்களின் வெள்ளை வாகனங்கள் நிறைந்திருந்த காலத்தைப் பார்த்த மூத்தவர்கள், "என்.ஜி.ஓ.வில் நல்ல சம்பளம்" என்று இன்றும் சொல்லுவார்கள். அந்தக் காலம் போய்விட்டது. இப்போது கிடைப்பது திட்டத்தோடு முடிகிற ஒப்பந்தங்கள். அனுபவத்துக்கு அது நல்ல இடம்தான். ஆனால் ஒப்பந்தம் முடியும் திகதியைப் பார்க்காமல் லீசிங்கில் பைக் எடுக்காதீர்கள்.

சிங்களத்தைத் தள்ளி வைப்பதும் பிழை. அரச சேவைக்குப் போனால் மற்ற அரச கரும மொழியில் தேர்ச்சி காட்டியே ஆகவேண்டும். கொழும்பிலிருந்து வரும் கடிதத்தை இன்னொருவரிடம் கொடுத்து வாசிப்பிக்கிற உத்தியோகத்தரை நம்பி யார் வருவார்?

தன் மனத்தைப் பார்க்காமல் விடுவது பலருக்கும் பிழையாகவே படுவதில்லை. இங்கே சேவை பெற வருகிறவரும் போரைக் கண்டவர், பல இடங்களில் உத்தியோகத்தரும் கண்டவர். உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் போர் நடந்த காலத்திலேயே யாழ்ப்பாணத்தில் உளசமூகப் பணிக்கு ஆட்களைப் பயிற்றுவித்தார்கள். யாழ்ப்பாணத்தில் உளவளத்துணை வேலை செய்யும் சாந்திகம் போன்ற அமைப்புகள் அந்த வழியில் வந்தவை. அந்த அனுபவம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, இணையத்தில் இறக்கிய வெளிநாட்டுக் கையேட்டை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை. மேற்பார்வைக் கூட்டத்தில் "எல்லாம் ஓகே சேர்" என்று சொல்லி எழும்பாதீர்கள். நித்திரை வரவில்லை என்றால் அதையும் அங்கே சொல்லுங்கள்.

கடைசியாக வெளிநாடு. கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிற அத்தை "இங்கை கொலிஜிலை இரண்டு வருசம் சோசல் சேர்விஸ் வேர்க்கர் படிச்சால் காணும்" என்று சொல்லியிருப்பார். ஒன்ராறியோவில் அப்படி ஒரு டிப்ளோமா உண்மையிலேயே உண்டு. ஆனால் அங்கே ஒரே சட்டத்தின் கீழ் இரண்டு பதிவுகள்: பட்டம் முடித்தவர் சோசல் வேர்க்கர், கொலிஜ் டிப்ளோமா முடித்தவர் சோசல் சேர்விஸ் வேர்க்கர். இரண்டும் வேறு வேறு பட்டியல், வேலைகளும் சம்பளமும் ஒன்றல்ல. படிப்புக்குப் பிந்திய வேலை அனுமதிக்கு எந்தக் கற்கைநெறி தகுதி பெறும் என்ற விதியும் 2024 இலிருந்து மாறிக்கொண்டே இருக்கிறது. காசு கட்டும் வாரத்தில் கனடா அரசின் பக்கத்தை நீங்களே பாருங்கள், முகவரின் வாயைப் பார்க்காதீர்கள். இங்கிலாந்தில் பதிவு இல்லாமல் சோசல் வேர்க்கர் என்று சொல்லிக்கொள்ளவே சட்டம் விடாது.

எந்த நாடானாலும் அவர்கள் கேட்பது களப்பயிற்சி விபரம்: எத்தனை மணித்தியாலம், எந்த இடம், யார் மேற்பார்வை, என்ன வேலை. இங்கே பலரிடம் சான்றிதழ் இருக்கும், இது இருக்காது. ஆகவே ஒவ்வொரு களப்பயிற்சி முடியும்போதும் மணித்தியாலங்களைக் குறித்து, நிறுவனத்தின் கடிதத்தாளில், மேற்பார்வையாளரின் கையொப்பமும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். பாடத்திட்டத்தின் பிரதியையும் எடுத்து வையுங்கள். மேற்பார்வையாளர் இடமாற்றம் பெற்றுப் போனபிறகு தேடினால், அவருடைய புதிய கந்தோருக்கும் பழைய கந்தோருக்கும் இடையில் பஸ்ஸில் அலைய வேண்டியதுதான்.