தனியாகப் படகு இறக்குபவர்கள் சாய்தளத்தில் விடும் தவறுகள்

கொழும்பில் சிறிய மோட்டார் படகு வைத்திருக்கும் பலருக்கு அதை நிரந்தரமாகத் தண்ணீரில் கட்டிவைக்க இடமில்லை. படகு வீட்டு முற்றத்தில் ட்ரெயிலரில் நிற்கும். லீவு நாளில் காலி வீதியால் மொரட்டுவைப் பக்கம் இழுத்துப்போய்ப் பொல்கொட ஏரியில் இறக்குவார்கள். வத்தளை, ஜா-எலப் பக்கத்தவர்களுக்கு நீர்கொழும்புக் களப்பு கிட்ட. கூட வருகிறேன் என்ற நண்பர் விடியற்காலையில் போனை எடுக்காவிட்டால் தனியாகத்தான் போக வேண்டிவரும். தாராளமாகப் போகலாம். 14 அடி ஃபைபர் படகு, 25 குதிரைவலு அவுட்போர்ட் எஞ்சின், ஒற்றை அச்சு ட்ரெயிலர் எல்லாம் சேர்ந்தால் அரைத் தொன்னுக்கு முன்பின்னாக வரும். பாரத்தைச் சரிவும் தண்ணீரும் பார்த்துக்கொள்ளும். ஆளுக்குப் பெரிய பலம் தேவையில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நீங்கள் ஸ்டியரிங்கில் இருக்கும்போது படகுக்குப் பக்கத்தில் ஆளில்லை. படகில் கை வைத்திருக்கும்போது வாகனத்தில் ஆளில்லை. சாய்தளத்தில், அதாவது படகு இறக்கும் கொங்கிறீட் சரிவில், நடக்கும் விபரீதங்களில் பெரும்பாலானவை இந்த ஆளில்லாத ஓரிரு நிமிடங்களில்தான் நடக்கின்றன. அந்த நேரத்தில் படகு எதிலாவது கட்டப்பட்டிருக்க வேண்டும், வாகனம் எதனாலாவது தடுக்கப்பட்டிருக்க வேண்டும். கீழே சொல்லப்போகும் தவறுகளில் முக்கியமானவை இந்த இரண்டில் ஒன்றை மறந்ததால் வருபவை.

மேலே செய்ய வேண்டியதைக் கீழே செய்வது

வந்த வேகத்திலேயே நேராகச் சரிவுக்குப் பின்னால் எடுப்பது முதல் தவறு. பின்னுக்கு நிற்பவர்கள் ஹோர்ன் அடிக்கத் தொடங்கியதும் கை பதறும், ஏதாவது ஒன்று விடுபடும். சமதரையில் வாகனத்தை நிறுத்தி எல்லாவற்றையும் அங்கேயே முடித்துவிட்டுத்தான் சரிவுக்கு வர வேண்டும்: அணியத்தில் (படகின் முன்முனையில்) கயிறு, பெற்றோல் குழாய், லைஃப் ஜக்கெட், எஞ்சின் சாவி, ஆள் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் சிவப்புக் கயிறு, ட்ரெயிலர் லைட்டின் வயர் இணைப்பைக் கழற்றுவது.

எல்லாவற்றுக்கும் முன்னால் படகின் அடியிலுள்ள தண்ணீர் வடியும் துளையின் மூடியைப் போட வேண்டும். இதை மறக்காத படகுக்காரர் குறைவு. இரண்டு பேராகப் போனால், காலடியில் ஈரம் தட்டியதும் படகிலிருப்பவர் கத்துவார். தனியாகப் போனவர் படகைக் கட்டிவிட்டு வாகனத்தை நிறுத்தப் போய், இடம் தேடி, கதவைப் பூட்டித் திரும்பி வரும்போது பின்பக்கம் தாழ்ந்திருக்கும், பற்றரி தண்ணீருக்குள் இருக்கும். அப்படி நடந்தால் அவசரப்பட்டு ஒரே இழுவையில் மேலே கொண்டுபோக வேண்டாம். 200 லீற்றர் தண்ணீர் என்றால் 200 கிலோ. சரிவில் அது முழுவதும் படகின் பின்பக்கத்துக்கு ஓடும். ட்ரெயிலரின் மூக்கு மேலே எழும்பி, இழுக்கும் வாகனத்தின் பின்சில்லுகளையும் தூக்கப் பார்க்கும். துளை தண்ணீருக்கு மேலே வரும் அளவுக்கு மட்டும் இழுத்து, அங்கேயே நின்று வடியவிடுங்கள். மறக்காமல் இருக்க ஒரு சுலபமான வழி, அந்த மூடியை வீட்டிலிருந்தே வாகனச் சாவியோடு கோத்துக் கொண்டுவருவது.

பின்பக்கப் பட்டிகளைச் சமதரையில் கழற்றலாம். ஆனால் முன்பக்கத்து வின்ச்சின் (படகை இழுத்து ஏற்றும் கைச்சுற்றியின்) கொக்கியையும் பாதுகாப்புச் சங்கிலியையும் தண்ணீர் விளிம்பு வரை தொடக்கூடாது. பலர் "எல்லாம் ரெடி" என்று மேலேயே அதையும் கழற்றிவிடுகிறார்கள். ரோலர் வைத்த ட்ரெயிலரில் சரிவு தொடங்கியதும் படகு தானாகவே வழுக்கி, கொங்கிறீட்டில் விழும். எஞ்சின் முதலில் அடிபடும்.

இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத தவறு. வெள்ளவத்தையிலிருந்து மொரட்டுவை வரை நின்று நின்று போனால் ட்ரெயிலர் சில்லின் பேரிங் நன்றாகச் சூடேறியிருக்கும். பேரிங் இருக்கும் சூடான உருளையைச் சடாரென்று குளிர்ந்த தண்ணீருக்குள் விட்டால், உள்ளிருக்கும் காற்று சுருங்கி சீலுக்குள்ளால் தண்ணீரை உறிஞ்சும். அடுத்த முறை மூடியைத் திறந்தால் கிரீஸ் பால் தேத்தண்ணி நிறத்தில் வரும். சில்லின் நடுப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாவிட்டால் கால் மணித்தியாலம் நிற்க வேண்டியதுதான். அந்த நேரத்தில்தான் மேலே சொன்ன வேலைகளை ஆறுதலாகச் செய்வது. புதுப் பேரிங்கைப் பஞ்சிகாவத்தையில் எப்போதும் வாங்கலாம். ஆனால் ஞாயிறு இரவு இரத்மலானையில் சில்லு இறுகி நின்றால் அது எதற்கும் உதவாது.

ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்புவது

சரிவின் கீழ்ப்பாதியில் பச்சைப் பாசி ஒரு கோடாகத் தெரியும். பெரும்பாலான வாகனங்களில் ஹேண்ட்பிரேக் பின்சில்லுகளை மட்டுமே பிடிக்கும். பின்சில்லு பாசியில் நின்றால் பிரேக் இறுகப் பிடித்தபடியே முழு வாகனமும் வழுக்கிக்கொண்டு போகும். டபுள் கேப்போ பழைய ஜீப்போ, இதில் வித்தியாசமில்லை. முன்சில்லால் இழுக்கும் காராக இருந்தால் வேறு தொல்லை. சரிவில் பாரம் பின்னுக்குச் சாய்வதால் முன்சில்லுக்குப் பிடிப்புக் குறையும். இறக்கும்போது தெரியாது, நனைந்த படகோடு ஏறும்போதுதான் சில்லு சுற்றிப் புகைக்கும். நான்கு சில்லும் காய்ந்த கொங்கிறீட்டில் நிற்கும்போதே ட்ரெயிலர் போதுமான ஆழத்துக்குப் போகாவிட்டால், அந்தச் சாய்தளம் உங்கள் வாகனத்துக்கு ஏற்றதல்ல.

கால் பிரேக்கை மிதித்தபடி ஹேண்ட்பிரேக்கை முழுவதும் இழுத்து, காலை மெதுவாக எடுத்து, பாரம் அதில் அமர்கிறதா என்று பாருங்கள். பிறகு ஓட்டோ கியர் என்றால் 'பி', மெனுவல் என்றால் முதல் கியரில் எஞ்சினை நிறுத்துங்கள். இறங்கியதும் சில்லுக்குப் பின்னால் கட்டை. தனியாளுக்கு இந்தக் கட்டையில் ஒரு வசதிக் குறைவு உண்டு: வாகனத்தை மேலே எடுத்ததும் அது சரிவிலேயே கிடக்கும், எடுக்கத் திரும்ப இறங்கி வர வேண்டும். இதற்காகவே பலர் கட்டை வைப்பதைக் கைவிடுகிறார்கள். கட்டையில் ஒரு துளை போட்டு ஒன்றரை மீற்றர் கயிற்றால் ட்ரெயிலர் கொளுவும் இடத்தில் கட்டிவிடுங்கள். வாகனம் நகரும்போது கட்டை தானாகப் பின்னால் இழுபட்டு வரும்.

சரிவில் பின்னால் எடுக்கும்போது சீட் பெல்ற்றைக் கழற்றி, கண்ணாடிகளை இறக்கி வைப்பது நல்லது. வாகனம் வழுக்கத் தொடங்கினால் ஓடிப்போய் உள்ளே ஏறப் பார்க்காதீர்கள், விலகி நில்லுங்கள். வாகனத்துக்கும் ட்ரெயிலருக்கும் நடுவில் எந்தக் காரணத்துக்காகவும் நிற்கக்கூடாது.

ட்ரெயிலரைத் திருப்பும் விடயத்தில் ஒரு குறிப்பு போதும். ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடியுங்கள். கை எந்தப் பக்கம் போகிறதோ ட்ரெயிலர் அந்தப் பக்கம் போகும். வெறும் ட்ரெயிலர் சரிவில் இறங்கியதும் கண்ணாடியில் தெரியாமல் மறைந்துவிடும். இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு எஸ்லோன் (பிவிசி) பைப் நட்டுவிட்டால், தண்ணீருக்குள் போன பிறகும் அது எங்கே நிற்கிறது என்று தெரியும். திரும்ப ஏற்றும்போது படகை நடுவில் பிடித்துவைப்பதும் அந்தப் பைப்புகள்தான்.

கயிறில்லாமல் தள்ளிவிடுவது

அணியத்துக் கயிறு படகின் நீளத்தைப் போல இரண்டு மடங்காவது இருக்கட்டும். 10 அல்லது 12 மில்லிமீற்றர் தடிப்பு கைக்குப் பிடிக்க வசதி. பழைய சோனகத் தெருவில் ஹார்ட்வெயார் கடைகளில் கிடைக்கும் பொலிப்ரொப்பிலீன் கயிறு மிதக்கும், நைலோன் கயிறு தாழும். கரையில் நின்று இழுக்கும் வேலைக்கு மிதப்பதே மேல். கயிற்றின் மறுமுனையை வின்ச் கம்பத்தில் கட்டிவிட்டே பின்னால் எடுங்கள். பின்பக்கம் மிதந்ததும் வாகனத்தை நிறுத்தி, கட்டை வைத்து, கொக்கியைக் கழற்றி, படகைத் தள்ளுங்கள். படகு போகும், ஆனால் கயிற்றளவுக்கு மேல் போகாது. பிறகு கயிற்றை அவிழ்த்து படகுத்துறை ஜெட்டியோரமாக நடந்து, அங்கே கட்டிவிட்டு வாகனத்துக்குத் திரும்புங்கள். கயிற்றைக் கையில் சுற்றிப் பிடிக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். காற்று ஒரு இழுவை இழுத்தால் விரல் போகும்.

சிலர் வேகமாகப் பின்னால் வந்து சட்டென்று பிரேக் போட்டுப் படகை எறிவார்கள். பார்க்க ஸ்டைலாகத்தான் இருக்கும். கயிறு சிக்கினால் அந்த ஸ்டைல் அங்கேயே முடிந்தது.

இறக்கும்போது எஞ்சின் உயர்த்தியே இருக்க வேண்டும். ஆழம் வந்த பிறகுதான் தாழ்த்துவது. தண்ணீர் உறிஞ்சும் துவாரம் முழுவதும் மூழ்காமல் ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். உள்ளே குளிர்நீர் ஏற்றும் இறப்பர் இம்பெல்லர் உலர்ந்த நிலையில் சில விநாடிகளிலேயே தேயத் தொடங்கும். ஸ்டார்ட் ஆனதும் எஞ்சினின் பக்கத்திலிருந்து தண்ணீர் பீய்ச்சி வருகிறதா என்று பார்ப்பது கட்டாயம்.

காலையின் அமைதியை நம்பி மாலைக்கு வருவது

இறக்குவதைவிட ஏற்றுவதுதான் கஷ்டம் என்று எல்லோரும் சொல்வதற்குக் காரணம் காற்று. காலையில் ஏரி அசையாமல் கிடக்கும். பிற்பகலில் கடற்காற்று மேற்கிலிருந்து எழும்பும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றும் சேர்ந்துகொள்ளும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடியோடு மழை கொட்டும். என்னைக் கேட்டால், தனியாகப் போனவர் மதியச் சாப்பாட்டுக்கு முன்னே படகை ட்ரெயிலரில் ஏற்றிவிட வேண்டும். வெளிநாட்டு வீடியோக்கள் வற்றுப்பெருக்கு அட்டவணையைப் பார்க்கச் சொல்லும். கொழும்புக் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் ஒரு மீற்றர்கூட வித்தியாசமில்லை. இங்கே பார்க்க வேண்டியது மழை. மழைக்குப் பின் ஏரி நீர் ஏறினால், பாசிக்கோடு தண்ணீருக்குள் மறைந்துவிடும், கொங்கிறீட் எங்கே முடிகிறது என்பதும் தெரியாது.

ஏற்றும்போது அதிகம் நடக்கும் தவறு ட்ரெயிலரை மிக ஆழத்துக்கு விடுவது. ஆழமாக இருந்தால் படகு சுலபமாக ஏறும் என்று தோன்றும். உண்மையில் அது ட்ரெயிலரின் மேலே மிதந்துகொண்டே இருக்கும், காற்று அதைக் குறுக்கே திருப்பும், மேலே இழுக்கும்போது கோணலாக அமரும். மட்காட்டின் மேல்விளிம்பு தண்ணீர் மட்டத்தில் நிற்கும் அளவில் தொடங்கி, தேவைக்கேற்பக் கொஞ்சம் கூட்டலாம், குறைக்கலாம். கம்பளம் ஒட்டிய தாங்குபலகை என்றால் முதலில் ஆழமாக விட்டு நனைத்து, பிறகு முன்னால் எடுத்து நிறுத்துங்கள். காய்ந்த கம்பளத்தில் படகு நகராது.

எஞ்சினை முறுக்கிப் படகை ட்ரெயிலரில் ஓட்டி ஏற்றுவதை நான் ஆதரிப்பதில்லை. ப்ரொப்பெல்லர் தள்ளும் தண்ணீர் கொங்கிறீட் முடியும் இடத்தில் மண்ணை அரித்துக் குழி தோண்டும். அடுத்தவரின் ட்ரெயிலர் சில்லு அதில் விழும். இங்குள்ள சாய்தளங்கள் பல ஹோட்டல்களுக்கோ தனியாருக்கோ சொந்தமானவை. இப்படி ஏற்றினால் மறுமுறை கேற் திறக்காது. கயிற்றால் அணியத்தை அருகே கொண்டுவந்து, கொக்கியை மாட்டி, வின்சைச் சுற்றுவதே போதும். சுற்றும்போது பட்டிக்கு நேர் பின்னால் நிற்காமல் பக்கத்தில் நில்லுங்கள். தடுப்புப் பல்லை எடுத்துவிட்டுக் கைப்பிடியை விட்டால் அது சுழன்று மணிக்கட்டை உடைக்கும்.

பொல்கொடையில் முதலை இருப்பது ஊரறிந்த விடயம். இடுப்பளவு தண்ணீரில் நின்று படகை நேராக்குவதைவிட, இன்னொரு கயிற்றைப் பின்பக்கத்தில் கட்டி ஜெட்டியிலிருந்து இழுப்பது புத்தி.

உதவிக்கு வருபவர்

நீங்கள் தனியாக நிற்பதைப் பார்த்து யாராவது வராமல் இருக்க மாட்டார்கள். "அண்ணே, நான் கொக்கியைக் கழட்டி விடட்டா?" என்று கேட்டபடியே கை கொக்கிக்குப் போயிருக்கும். நல்ல மனதுதான். ஆனால் உங்கள் ஒழுங்கு அவருக்குத் தெரியாது. "வேண்டாம் தம்பி, இந்தக் கயிறை மட்டும் பிடிச்சுக்கொள்ளுங்கோ, நான் சொல்லும்போது விடுங்கோ" என்று ஒரே ஒரு வேலையைக் கொடுங்கள். வின்ச், பிரேக், கட்டை மூன்றும் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

வீதிக்கு ஏறும் முன்

எஞ்சினை உயர்த்தாமல் மேலே இழுப்பது, பின்பக்கப் பட்டியைக் கட்டாமல் வீதிக்கு ஏறுவது, லைட் வயரைத் திரும்ப இணைக்க மறப்பது, மூன்றும் களைப்பில் வருபவை. சரிவைவிட்டு வெளியே வந்து, சமதரையில் ட்ரெயிலரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தால் பிடிபட்டுவிடும். அடித்துளை மூடியையும் அங்கேயே கழற்றிவிடுங்கள். ட்ரெயிலர் அச்சிலும் ப்ரொப்பெல்லரிலும் சிக்கிய ஆகாயத்தாமரையை அந்த இடத்திலேயே பிடுங்கிப்போட வேண்டும். அடுத்த வாரம் வேறு குளத்தில் இறக்கினால் அதுவும் கூடவே இறங்கும். இலங்கையில் இந்தச் செடிக்கென்றே 1909 இல் தனிச் சட்டம் வந்தது, அவ்வளவு காலத் தலையிடி.

பொல்கொட பாணந்துறையில் கடலோடு சேர்கிறது, நீர்கொழும்புக் களப்பும் கடலோடு திறந்தே இருக்கிறது. எனவே இரண்டிலும் உப்பு உண்டு. வீட்டுக்கு வந்ததும் எஞ்சினின் உறிஞ்சுதுவாரத்தில் இறப்பர்க் கவசத்தை மாட்டி, பத்து நிமிடம் குழாய்த் தண்ணீரில் ஓடவிட்டு, ட்ரெயிலரின் ஸ்பிரிங், அச்சு, வின்ச் மூன்றையும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். சில்லு உருளைக்குள் கிரீஸ் அடிப்பதை மட்டும் மறுநாளுக்குத் தள்ளலாம்.