பேட்டில்ஸ்டார் கலாக்டிகா: அரசியல் இழை நழுவாமல் பார்ப்பது எப்படி

1978இல் வந்த பழைய தொடர் அல்ல; 2003 டிசம்பரில் இரண்டு பாகக் குறுந்தொடராகத் தொடங்கி 2009 மார்ச்சில் முடிந்த ரொனால்ட் டி. மூரின் வடிவம். மனித உலகங்களை இயந்திரங்களான சைலான்கள் அழித்தபின், மிஞ்சியவர்கள் கலங்களில் தப்பியோடும் அறிவியல் புனைகதை இது; அவர்களைக் காக்கும் போர்க்கலம் கலாக்டிகா. கதையை உடைக்காமல் இதைப் பேச முடியாது. திருப்பங்கள் தெரியவேண்டாம் என்பவர்கள் அடுத்த இரண்டு பத்திகளோடு நிறுத்திக்கொண்டு, பார்த்து முடித்துவிட்டு வாருங்கள்.

முதலில் குறுந்தொடர். தொடரின் முதல் எபிசோடு '33' என்பதால் பலர் நேராக அங்கே போய்விடுகிறார்கள். போனால் ரோஸ்லின் ஏன் அதிபர் என்பதே பிடிபடாது. அவர் கல்வித் துறைச் செயலர். பதவி வாரிசு வரிசையில் 43ஆவது. மேலே இருந்தவர்கள் யாரும் மிஞ்சாததால் ஒரு பயணிகள் கலத்தில் பதவியேற்கிறார். கலாக்டிகாவின் தளபதி அடாமாவுக்கு அப்போது அவர் வெறும் பள்ளிக்கூட டீச்சர். குறுந்தொடர் முடியும்போது இருவரும் தனியறையில் ஓர் ஏற்பாட்டுக்கு வருகிறார்கள்: சிவில் விவகாரம் அவருக்கு, ராணுவம் இவருக்கு. எழுத்தில் எதுவும் இல்லை. நான்கு சீசன்களின் சண்டையும் இந்த வாய்ப்பேச்சு எங்கே கிழிகிறது என்பதுதான்.

பார்க்கும்போது ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு எபிசோடுக்கும் மூன்று கேள்விகள் போதும்: எது தீர்ந்துபோனது? யார் உத்தரவு போட்டார்கள்? அந்த அதிகாரத்தை அவர்களுக்கு யார் கொடுத்தது? விண்வெளிச் சண்டைக்கு ஒரு வரிகூட வேண்டாம். ரோஸ்லினின் வெள்ளைப் பலகையில் இருக்கும் உயிர்பிழைத்தோர் எண்ணிக்கையை மட்டும் ஓரத்தில் எழுதிவையுங்கள். '33' முடியும்போது 47,973. இரண்டாவது சீசனிலிருந்து அந்த எண் தொடக்க டைட்டிலிலேயே வரும். தாண்டி ஓட்டிவிடாதீர்கள்.

முறை எப்படி வேலை செய்கிறது என்று முதல் சீசனிலேயே தெரிந்துவிடும். 'வாட்டர்' எபிசோடில் கலாக்டிகாவின் தண்ணீர்த் தொட்டிகள் வெடிக்கின்றன. காவலுக்குப் படைவீரர்களை அனுப்பச் சொல்லும்போது அடாமா தயங்குகிறார்: ராணுவமே போலீஸாகவும் ஆனால், அரசின் எதிரிகள் மக்களாகவே ஆகிவிடுவார்கள் என்கிறார். அடுத்த எபிசோடு 'பாஸ்டீல் டே'. பனிக்கட்டி வெட்ட ஆள் வேண்டும். சிறைக் கலத்துக் கைதிகளைக் கேட்கப்போனால், உன் அதிபரை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று அங்கே சிறையிலிருக்கும் அரசியல் போராளி டாம் ஸாரெக் திருப்பிக் கேட்கிறான். அடாமாவின் மகன் லீ யாரையும் கலக்காமல் தேர்தலுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வருகிறான். தண்ணீர்ப் பஞ்சம் இரண்டே எபிசோடில் அரசியல் சாசனப் பிரச்சினையாகிவிட்டது. நோட்டில் இதை அடிக்கோடிடுங்கள், திரும்பத் திரும்ப வரும்.

இரண்டாவது சீசனின் முதல் ஏழு எபிசோடுகளை இடைவெளி விடாமல் பாருங்கள். முதல் சீசன் முடிவில் அடாமா அதிபரைக் கைது செய்ய வைக்கிறார். அவர் சுடப்பட்டு விழுந்ததும் துணைத் தளபதி டை ராணுவச் சட்டம் கொண்டுவருகிறான். 'ரெஸிஸ்டன்ஸ்' எபிசோடில் சரக்கு தர மறுத்த கலத்துக்குப் போகும் வீரர்கள் பொதுமக்களைச் சுடுகிறார்கள். 'வாட்டர்' எபிசோடில் அடாமா பயந்தது, அவர் மயங்கிக் கிடக்கும்போதே நடந்துவிடுகிறது. இங்கே வாரத்துக்கு ஒன்று என்று பார்த்தால் இந்தத் தொடர்பு கழன்றுவிடும்.

பிறகு தேர்தல். 'தி கேப்டன்ஸ் ஹேண்ட்' எபிசோடில் மக்கள்தொகை குறைகிறதென்று ரோஸ்லின் கருக்கலைப்பைத் தடை செய்கிறார். வெள்ளைப் பலகை எண் சட்டமாக மாறும் இடம் இது. அதைப் பிடித்துக்கொண்டு துணை அதிபர் பால்டர் போட்டியில் குதிக்கிறான். ரோஸ்லின் தரப்பு வாக்குச் சீட்டில் கைவைத்ததைக் கலாக்டிகாவின் அதிகாரி கேட்டா கண்டுபிடிக்கிறான். ரோஸ்லினை நல்லவர் என்றே நினைத்துப் பார்க்கிறவர்கள் இதைச் சீக்கிரம் மறந்துவிடுகிறார்கள். மறக்காதீர்கள்.

தேர்தலில் பால்டர் வென்றபின், மக்கள் குடியேறிய கோளைச் சைலான்கள் பிடித்துக்கொள்கிறார்கள். அதைக் காட்டும் மூன்றாவது சீசனின் முதல் நான்கு எபிசோடுகளை ஈராக் ஆக்கிரமிப்பின் நேரடி நகல் என்று படிப்பது வழக்கமான பிழை. 2006இல் வந்தது, சாயல் நிச்சயம் உண்டு. ஆனால் இங்கே தற்கொலைக் குண்டு வைப்பது நாம் அதுவரை நேசித்த பாத்திரங்கள். அமெரிக்கர் இவர், ஈராக்கியர் அவர் என்று பொருத்தினால் கணக்கு உதைக்கும். ஐந்தாவது எபிசோடு 'கொலாபரேட்டர்ஸ்' இதைவிட முக்கியம்: எதிரிக்கு உதவியவர்களைத் தண்டிக்கும் ரகசியத் தீர்ப்பாயம், அதற்குப் பின்னால் அப்போது அதிபராக இருந்த ஸாரெக்கின் கையெழுத்து, பிறகு பொதுமன்னிப்பு. அந்த மன்னிப்பைக் குறித்துவைத்தால்தான் சீசன் கடைசியில் பால்டரின் வழக்கில் லீ பேசுவதன் கூர்மை தெரியும். நடுவில் வரும் 'டர்ட்டி ஹேண்ட்ஸ்' எபிசோடைத் தேவையில்லாத ஒட்டு என்று பலர் தாண்டுகிறார்கள். எரிபொருள் சுத்திகரிப்புக் கலத்தில் வேலைநிறுத்தம், பரம்பரைத் தொழிலாக இறுகும் உழைப்பு என்று வர்க்கப் பேச்சு இவ்வளவு வெளிப்படையாக வருவது இங்கேதான்.

நான்காவது சீசனில் கேட்டாவின் கலகம் திடீரென்று வந்ததாகத் தோன்றினால் இரண்டு காரணம். ஒன்று, தேர்தல் மோசடியும் தீர்ப்பாயத்தில் அவன் உயிர் தப்பியதும் மறந்திருக்கும். இன்னொன்று, 'தி ஃபேஸ் ஆஃப் தி எனிமி' என்ற பத்துக் குறும்பகுதிகள் விடுபட்டிருக்கும். அவற்றை 'சம்டைம்ஸ் எ கிரேட் நோஷன்' முடிந்ததும் பாருங்கள். அதன்பின் 'தி ஓத்', 'பிளட் ஆன் தி ஸ்கேல்ஸ்' இரண்டையும் ஒரே இரவில். முதல் சீசனில் ஸாரெக் கேட்ட கேள்வி நியாயமானதுதான். அதே ஸாரெக் இங்கே மக்கள் பிரதிநிதிகளுக்கு என்ன செய்கிறான் என்பதை நோட்டின் அந்தப் பழைய பக்கத்துக்கு எதிரே எழுதுங்கள்.

'ரேஸர்' படத்தை மூன்றாவது சீசனுக்குப் பின் பார்க்கலாம். சிவில் அரசே இல்லாத ராணுவம் எங்கே போய் நிற்கும் என்பதற்கு இன்னொரு போர்க்கலத்தை நடத்தும் அட்மிரல் கெய்ன் போதும். 'தி பிளான்' படம் அரசியலுக்கு உதவாது, விட்டுவிடலாம்.