எதிராளி நம்பினார், நான் தோற்றேன்

வரைபடத்தை விரித்து, இரு தரப்புக்கும் நடுவே திரை போட்டு ஆடும் போர் விளையாட்டுக்குச் சில வருடங்களாக நடுவராக உட்கார்கிறேன். புதிதாக வருகிறவர்கள் எதிராளியை ஏமாற்றப் போடும் திட்டங்களைப் பார்த்தால், ஒரு காலத்தில் நான் போட்ட அதே திட்டங்கள், அதே ஓட்டைகள். ரகசியம் காக்க வேண்டும், பொய் முன்னுக்குப்பின் முரணாக இருக்கக் கூடாது என்பதெல்லாம் யாருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன். நான் அடிக்கடி பார்க்கும் மற்றத் தவறுகள் இவை.

எதிரி என்ன நினைக்க வேண்டும் என்பதிலிருந்து தொடங்குவது

இதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன். ஆரம்ப நாள்களில் ஒரு ஆட்டம். மேற்கே அடிப்பதுதான் என் திட்டம், அதனால் கிழக்கே போலிக் காய்களைக் குவித்து ஊரைக் கூட்டினேன். எதிராளி அப்படியே நம்பினார். நம்பிவிட்டு, கிழக்கை எப்படியும் காப்பாற்ற முடியாது என்று கணக்குப் போட்டு, அங்கிருந்த படையை மொத்தமாகக் கிளப்பி மேற்கே ஆற்றங்கரையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். நான் அடிக்கப் போன இடத்தில் இரண்டு மடங்கு படை. பொய் பலித்தது, ஆட்டம் போச்சு.

அப்புறம்தான் படித்தேன், இதே அடியை பிரிட்டிஷ் தளபதி ஜெனரல் வேவல் 1941 தொடக்கத்தில், இரண்டாம் உலகப் போரில், நிஜமாகவே வாங்கியிருக்கிறார். சூடானிலிருந்து இத்தாலியர்கள் கையிலிருந்த எரித்திரியாவுக்குள் நுழைவது அவர் திட்டம். அதை மறைக்க, ஏடனிலிருந்து கடல் தாண்டி பிரிட்டிஷ் சோமாலிலாந்தை மீட்கப் போவதாகக் கதை கட்டினார்கள். கமில்லா என்று அதற்குப் பெயர். இத்தாலியர்கள் நம்பினார்கள். நம்பியதால் சோமாலிலாந்தில் ஆளைக் குறைத்துக்கொண்டு எரித்திரியா பக்கம் பலப்படுத்தினார்கள்! கெய்ரோவில் வேவலுக்காக இந்த வேலையைப் பார்த்த டட்லி கிளார்க் அதிலிருந்து ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டார்: எதிரி என்ன செய்ய வேண்டும்?

1944இல் நேச நாடுகள் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்குவதற்கு முன் போட்ட ஃபோர்டிட்யூட் என்ற ஏமாற்றுத் திட்டம் இந்தக் கேள்விக்கு நேரான பதில். ஜெர்மனியின் 15ஆம் படை பிரான்சின் வேறொரு கரையான கலே பக்கமே உட்கார்ந்திருக்க வேண்டும், தரையிறங்கிய பிறகும் நகரக் கூடாது. அவ்வளவுதான் நோக்கம், அதன் பெரும்பகுதி வாரக்கணக்கில் உட்கார்ந்தும் இருந்தது. இதை ஒவ்வொருவருக்கும் சொல்கிறேன், தலையாட்டுகிறார்கள், பிறகு திட்டத் தாளில் 'எதிரி குழம்ப வேண்டும்' என்று எழுதித் தருகிறார்கள். குழம்பினவன் எந்தப் பக்கம் ஓடுவான் என்று உங்களுக்குத் தெரியுமா?

பொம்மை டாங்கி மோகம்

காற்றடைத்த டாங்கி எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் ஃபோர்டிட்யூட்டின் பாரத்தைச் சுமந்தவர்கள், ஜெர்மனிக்கு உளவு சொல்வதுபோல் நடித்து பிரிட்டனுக்கு வேலை பார்த்த இரட்டை உளவாளிகள்; கார்போ என்ற ஒருவர் மட்டும் இல்லாத 27 துணை உளவாளிகளைக் கற்பனையிலேயே நடத்தினார். வானிலிருந்து எட்டிப் பார்க்க ஜெர்மன் விமானங்களுக்கு வாய்ப்பே குறைவு. பார்க்க ஆளில்லாத இடத்தில் பொம்மை எதற்கு? 1942இல் எகிப்தின் எல் அலமெய்னில் கதை வேறு, அங்கே எதிரி பார்த்துக்கொண்டிருந்தான். அதனால் டாங்கிகள் மேல் லாரி போலத் தெரியும் கூடு போட்டார்கள், தெற்கே ஒரு போலித் தண்ணீர்க் குழாய்ப் பாதையையும் வேண்டுமென்றே மெதுவாக அமைத்தார்கள். அந்த வேகத்தைப் பார்த்தால் நவம்பருக்கு முன் வேலை முடியாது. தாக்குதல் அக்டோபர் 23 இரவே தொடங்கிவிட்டது. எனக்கு மிகப் பிடித்த பொய் அதுதான், ஒரு வேகத்தையே பொய்யாக்கியது.

எதிரிக்கு ஆர்வமில்லாத பொய்

பெருங்கதையின் நாயகன் உதயணனுக்கு யானைப் பித்து. அதனால்தான் அவனைப் பிடிக்க ஆட்களை உள்ளே ஒளித்த பொம்மை யானையை அனுப்பினார்கள், குதிரையை அல்ல. ஹிட்லருக்கு பால்கன் பயம் ஏற்கெனவே இருந்தது, 1943இல் பிரிட்டிஷார் மிதக்கவிட்டு ஸ்பெயின் கரையில் ஒதுங்கிய பிணத்தோடு இருந்த போலிக் கடிதம் அடுத்த தாக்குதல் கிரேக்கத்தில் என்று காட்டியது.

செஞ்சிலுவை, வெள்ளைக்கொடி

தொடாதீர்கள். இவற்றைக் காட்டி நம்ப வைத்துக் கொல்வது தந்திரம் ஆகாது, போர்க்குற்றம்.

ஆட்டம் முடிந்ததும் பீற்றிக்கொள்வது

கார்போவுக்கு ஜெர்மானியர்கள் இரும்புச் சிலுவைப் பதக்கம் கொடுத்தார்கள். நார்மண்டிக்குப் பிறகு. ஏமாந்தது அவர்களுக்கு அப்போதும் தெரியாது, அதனால் வாயைத் திறக்காதீர்கள்.